நீ பைக் ஓட்டிய கதையை அம்மா திருத்தினாள்

என் குமாரண்ணாவுக்கு, உன் தங்கச்சி ஆசையாக எழுதுவது.

காலேஜில் இரண்டாம் வருஷம் வந்துவிட்டேன். திருவொற்றியூரில் ரயில் ஏறும்போதெல்லாம் நீ எனக்காக அம்மாவிடம் மல்லுக்கு நின்றதுதான் ஞாபகம் வருகிறது. ஓவியமும் சிற்பமும் சொல்லித்தரும் கலைக் கல்லூரியில் கதை, கவிதை எழுதவும் ஒரு பட்டப்படிப்பு இருக்கிறது என்றேன். "கத எழுதறதுக்கு இன்னாத்துக்குடி டிகிரி? பி.காம். சேரு" என்றாள் அம்மா. நீ மணலியில் ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். "சேத்துவுடும்மா. இவ வாய்க்கு இதான் கரெக்ட்டு" என்றாய்.

நான் சேர்ந்த முதல் வருஷமே மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோய்விட்டது. அதற்கப்புறம் அம்மா உன் பேரையே எடுக்கவில்லை. யாராவது உன்னைப் பற்றி ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவாள். நானும் பேசவில்லை. நம் ஒற்றை அறை வீட்டில் உன்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லாமல் எப்படித்தான் இருந்தோமோ?

போன மாசம் வகுப்பில், நன்றாகத் தெரிந்த ஒருவரைப் பற்றி எழுதிவரச் சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் உன் கடைசி நாட்களை எழுதி வாசித்தேன். பலர் அழுதார்கள். மேடம் மட்டும் அழாமல் என் தாளை வாங்கி மறுபடி படித்தார். பிறகு, "சுமதி, இதுல உங்க அண்ணன் செத்துப்போறார். அதுக்கு முன்னாடி அவர் எப்படி இருந்தார்னு எனக்குத் தெரியலையே?" என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. ரயிலில் உட்கார்ந்ததும் அழுகை வந்தது. அவர் கேட்டது நியாயம்தானே அண்ணா?

அதனால் நீ பழைய பைக் வாங்கிவந்த ஞாயிற்றுக்கிழமையை எழுதினேன். உனக்கு ஓட்டத் தெரிந்தது, நிறுத்தத் தெரியவில்லை. "ம்மோவ், இத்த எப்டி நிப்பாட்றது?" என்று கத்திக்கொண்டே குப்பத்துத் தெருவைச் சுற்றிச் சுற்றி வந்தாய். கடைசியில் காயப்போட்டிருந்த மீன்வலைக் குவியலில் போய் விழுந்தாய். தலையில் வலையோடு எழுந்து நின்று, வேடிக்கை பார்த்த எல்லோருக்கும் பெரிதாக ஒரு கும்பிடு போட்டாய். வகுப்பே சிரித்தது. "கும்பிடு போட்டாரே, அங்க தெரிஞ்சிட்டார்" என்றார் மேடம்.

வீட்டில் அம்மாவிடம் வாசிக்கத்தான் பயமாக இருந்தது. மீன் கழுவிக்கொண்டிருந்தாள். மெதுவாக ஆரம்பித்தேன். அவள் கை நின்றுவிட்டது. எழுந்து போய்விடுவாள் என்றே நினைத்தேன்.

"தப்புத்தப்பா எழுதிகினு வந்துகீற" என்றாள். "நான் கரண்டியும் கையுமா அவன் பின்னாடியே ஓடுனேனே, அத்த ஏன்டி வுட்ட? குமாரு, குமாருன்னு கத்தி எனக்குத் தொண்டயே கட்டிகிச்சி!"

எத்தனை மாசத்துக்கப்புறம் உன் பேர், அண்ணா! சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பிலேயே அழுதாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நீ சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் ஹார்பர் பக்கம் கப்பல் பார்க்க ஓடிய கதைக்குப் போய்விட்டாள். அன்றைக்கு மீன் குழம்பாக வெகுநேரம் ஆயிற்று.

இந்தப் படிப்பை நல்லபடியாக முடிப்பேன். உன்னைப் பற்றி இன்னும் நிறைய எழுதுவேன். ஒவ்வொன்றிலும் அம்மா திருத்துவதற்கென்று ஏதாவது ஒன்றை விட்டுவைப்பேன்.

உன் கூடப்பிறந்தவள்,
சுமதி