தீக்குச்சி வாடை

நியூ ஜெர்ஸி, செப்டம்பர் 1984

அரிசோனாவில் அக்கா வீட்டுக்குப் போய் ஒளிந்துகொண்ட என்னவனுக்கு,

ஜெயித்துவிட்டோம்! நம் மின்கலம் கோடை முழுவதும் தீர்ந்து தீர்ந்து மறுபடி மின்னேறியது. ஒருமுறைகூட வெடிக்கவில்லை.

நீ சொன்னபடிதான் செய்தேன். கலத்துக்குள் வைக்கும் கரித்தூளைச் செங்கல்போல இறுக்காமல், தலையணைப் பஞ்சுபோல உள்ளே இடம் விட்டு அழுத்தினேன். மின்சாரம் தீரத் தீர உப்பு அந்த இடைவெளிகளில் படிகிறது, மின்னேற்றினால் கரைந்துவிடுகிறது. தண்ணீரே படாத அந்தக் கந்தகத் திரவத்தை நான் மாற்றவே இல்லை.

நம் ஆய்வகத் தலைவர் பிரான்கட்டோ சோதனை அறையின் இரும்புக் கதவைத் திறந்து மோந்து பார்த்தார்.

"ஒரு வாடையும் இல்லையே! உன் வீட்டுக்காரன் இதச் சொன்னப்ப நான் சிரிச்சேன்ல?"

"கட்டடமே அதிர சிரிச்சீங்க," என்றாள் பக்கத்து மேசை வாண்டா. "போய் கேக் வாங்கிட்டு வாங்க."

நம் ஆய்வகத்தில் யாரும் தீக்குச்சி உரசமாட்டோமே. அந்தத் திரவத்துக்கும் அதே வாடைதான்; வந்தாலே கலம் கசிகிறதென்று ஓடுவோம். இன்று கேக் மெழுகுவத்தியை அவர் தீக்குச்சியால்தான் ஏற்றினார். எல்லோருடைய மூக்கும் சுருங்கியது. ஆனால் ஒருவரும் நாற்காலியை விட்டு எழவில்லை.

உன் கை எப்படி இருக்கிறதென்று கேட்கமாட்டேன். கேட்டால் பதில் எழுதமாட்டாய். ஆய்வறிக்கையில் உன் பெயர்தான் முதலில்.

வரும் வழியில் ஒரு தீப்பெட்டி வாங்கினேன். கலம் வெடித்த அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு நம் சமையலறைக்குள் வரும் முதல் தீப்பெட்டி. இன்னும் பிரிக்கவில்லை.

நீ வந்து உரசு.

உன்
கரி படிந்த கைக்காரி