காதுகுத்து சிடி

ஜூன் 12, 2005. ஞாயிறு.

வித்யாவின் காதுகுத்து கேசட்டை இவர் சிடியாக மாற்றிக்கொண்டு வந்தார். உப்பளத்தைப் பாகம் பிரித்ததில் சண்டை வந்ததிலிருந்து என் அண்ணன் முகமே இவருக்கு ஆகாது. "அந்தாளு வர்ற எடத்தையெல்லாம் கட் பண்ணிடுப்பா" என்று ஸ்டுடியோவில் சொல்லியிருக்கிறார். தாய்மாமன் மடியில் வைத்துத்தானே காது குத்துவார்கள்? அவனை எடுத்தால் குழந்தையும் போய்விடும். அதனால் ஸ்டுடியோக்காரர் கழுத்துக்கு மேல் தெரியாமல் செய்துவிட்டார். டிவியில் ஒரு மடி, இரண்டு கை, அழுகிற என் மகள்.

"யார் மடிம்மா இது?" என்றாள்.

"என் மடிதான்" என்றார் இவர்.

நான் பழைய கேசட் எங்கே என்று மட்டும் கேட்டேன். "தூக்கிப் போட்டாச்சு" என்றார்.

அண்ணனுக்கு ஒரு சுண்டுவிரல் பாதிதான். அது டிவியில் நன்றாகவே தெரிந்தது. வித்யா அப்பாவின் கைகளை இழுத்து, சுண்டுவிரல்களைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

நாளைக்குக் கேட்பாள்.