இன்னும் கொஞ்சம் வெண்ணெய்

ஆகஸ்ட் 13, புதன்

விடுமுறைக்கு டெவன் கிராமப்புறம் வந்துவிட்டோம். இந்தப் பக்கத்துச் சாலைகளில் ஒரு கார் போனாலே இரண்டு பக்கமும் வேலி உரசுகிறது. எதிரே வருபவர்களுக்கு வழிவிட்டு ரிவர்ஸ் எடுத்தே என் கழுத்து சுளுக்கிக்கொண்டது. நடுவழியில் நின்ற ஆட்டிடம்கூட "சாரி" என்றேன். என் வீட்டுக்காரர் க்ளைவ் விழுந்து விழுந்து சிரித்தார். "ஹிலரி, அது பதிலுக்கு ஒண்ணும் சொல்லலயே. மரியாதை தெரியாத ஆடு!" பின் சீட்டில் எங்கள் மகள் பிரயனியும் ஹெட்போனைக் கழற்றிவிட்டுச் சிரித்தாள். பதினாலு வயதுக்காரி சிரிப்பது லேசில் நடக்கிற காரியமா?

ஆகஸ்ட் 14, வியாழன்

எழுதக் கை கூசுகிறது.

தெருமுனையில் 'இன்று தோட்டத்தில் தேநீர்' என்று ஒரு பலகை. அடுத்த வாசல் திறந்திருந்தது. வரிசையாகக் கார்கள், புல்வெளியில் மேசைகள், கேக், வெண்ணெய் போட்டுச் சுட்ட குட்டி ஸ்கோன் ரொட்டிகள், டீ. போய் உட்கார்ந்துவிட்டோம். எல்லோரும் கறுப்பில் இருந்தார்கள். டீ குடிக்க இவ்வளவு அலங்காரமா என்று க்ளைவிடம் கிசுகிசுத்தேன். நீங்கள் யார் என்று ஒருவராவது கேட்க வேண்டுமே! ஒரு அம்மாள் எழுந்து எனக்குத் தன் நாற்காலியைக் கொடுத்தாள்.

டீ ஊற்ற வந்த பெரியவரிடம் சொன்னேன்: "ஸ்கோன் காய்ஞ்சு கெடக்கு. சுட்டவங்ககிட்ட இன்னும் கொஞ்சம் வெண்ணெய் போடச் சொல்லுங்க."

பக்கத்து மேசையில் பேச்சு நின்றது. "சொல்றேம்மா. இன்னொண்ணு எடுத்துக்குங்க" என்றார். எடுத்துக்கொண்டேன். மூன்றாவது.

பாத்ரூம் போய்வந்த பிரயனி என் சட்டைக் கையை இழுத்தாள். "இரு, சாப்பிடறேன்ல" என்றேன். கிளம்பும்போது அவள்தான் கடைசியாக வந்து காரில் ஏறினாள்.

"அம்மா, அது டீக்கடை இல்ல. செத்தவங்க வீடு, அடக்கத்துக்கு வந்தவங்களுக்கு வச்ச டீ. செத்தது டீ ஊத்தின அந்தத் தாத்தாவோட பெண்டாட்டி. அவங்க சுட்டு ஃப்ரீசர்ல வச்சிருந்த கடைசி ஸ்கோன் அதெல்லாம். போய் சாரி சொல்லும்மா."

நான் வண்டியைக் கிளப்பிவிட்டேன்.

"ஆட்டுக்குச் சொன்ன, மனுஷனுக்குச் சொல்ல மாட்டியா?"

ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கடற்கரை. மழை. பிரயனி ஹெட்போனைக் கழற்றவே இல்லை.

ஆகஸ்ட் 16, சனி

"அந்த ஆள் அதையெல்லாம் மறந்திருப்பாரு" என்கிறார் க்ளைவ். எப்படி மறப்பாரு? பெண்டாட்டி கடைசியா சுட்டதைத் தின்னுட்டு காய்ஞ்சிருக்குன்னு சொன்னவள எப்படி மறப்பாரு? சீ, என்ன பொம்பளை நான்! விடுதியில் காலை ரொட்டி கல்லாக இருந்தது. வாயைத் திறக்காமல் தின்றேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஊர் திரும்பும் வழியில் அந்த வீட்டு வாசலில் நிறுத்தினேன். அன்று டீ ஊற்றிய பெரியவர்தான் கதவைத் திறந்தார்; லஸ்கம் என்று பெயர். பேச வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது.

"அட, உள்ள வாங்கம்மா. நீங்க சொன்னத அன்னிக்கு ராத்திரியே மேவிஸ்கிட்ட சொல்லிட்டேன்" என்று சுவரில் இருந்த மனைவியின் படத்தைக் காட்டினார். "கல்யாணம் ஆன நாள்லேருந்து அவ சுடுறது காய்ஞ்சுதான் இருக்கும். பிரமாதம்னு சொல்லியே தின்னேன். ஊரே அப்படித்தான் தின்னுச்சு. நெசத்தைச் சொல்ல நீங்க வர வேண்டியிருந்துச்சு!" குலுங்கிச் சிரித்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "இப்ப அதுல ஒண்ணு இருந்தா நல்லாருக்கும்."

மூன்றைத் தின்றவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இரவு

வீடு வந்தாயிற்று. பெட்டியை இழுத்துக்கொண்டு போகையில் வாசல் தூணில் இடித்தேன். "சாரி" என்றேன், தூணிடம். அப்போதுதான் உறைத்தது. லஸ்கமின் கையைப் பிடித்தேன், அழுதேன், டீகூடக் குடித்தேன். அந்த ஒரு சொல்லைச் சொல்லவே இல்லை.

பிரயனியிடம் சொன்னேன்.

"நான் அன்னிக்கே சொல்லிட்டேம்மா" என்றாள், பெட்டியின் மறுமுனையைத் தூக்கிக்கொண்டே. "கார்ல ஏறுறதுக்கு முன்னாடி. உனக்கும் சேத்து."