பீற்றிஸ் மாமியைப் படத்தில் பார்த்தேன்

புளியந்தீவு,
மட்டக்களப்பு.
12.6.1976

அன்பு மகள் எமிலிக்கு அம்மா எழுதிக்கொள்வது. தேவமாதாவின் தயவில் நான் சுகம், மெட்றாஸ் வெயிலில் நீயும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கவேண்டுமென்று தினமும் செபமாலை சொல்லுகிறேன். உன் படம் இங்கே டவுன் தியேட்டருக்கு வந்துவிட்டது. நேர்ஸ், தோழி, வேலைக்காரி என்று ஆறு வருடம் மூலையில் நின்றாய், முப்பது வயதாகுமுன் தலைக்கு நரை பூசி மாமியாராக்குகிறார்களே என்று அழுது எழுதினாய். இப்போது பார், கதாநாயகியை யார் கேட்கிறார்கள், சனம் அந்தக் கொடுமைக்கார மாமியாரைப் பார்க்கத்தான் போகிறது. நான் எழுதி அனுப்பியதை ஒன்று விடாமல் செய்திருக்கிறாய். பிறர் வீட்டுக் கதிரையை முந்தானையால் துடைத்துவிட்டு இருப்பது, தேத்தண்ணிக் கோப்பையை மோந்து பார்ப்பது, குறை சொல்லுமுன் 'நான் குறை சொல்லல்ல' என்பது. நீ கதிரையைத் துடைத்ததுமே பின்னால் ஒருத்தி, 'இஞ்ச பாருங்க கா, நம்மட பீற்றிஸ் வாறா' என்று கத்தினாள், தியேட்டரே சிரித்தது. உன் அப்பாவின் தங்கை பீற்றிஸ் எனக்கு முன்வரிசையில்தான் இருந்தாள். இடைவேளைக்கு முன்பே எழும்பிப் போனாள். என் வயிறு குளிர்ந்தது மகள், பாவசங்கீர்த்தனத்தில்கூட இதைச் சொல்லப்போவதில்லை.

ஏழு வருடம் காத்திருந்தேன். ஆண்களே சேலை உடுத்து நடிக்கும் பாஸ்கு நாடகத்தில், பெண் வேடக்கார மத்தேயு காய்ச்சலில் விழுந்ததால் நீ மதலேனாளாக மேடை ஏறினாய். அதற்காகத்தானே பீற்றிஸ் கோயில் வாசலில் வைத்து, 'கூத்தாடுறவள் என்ட மகன் நோபேட்டுக்கு வேணாம்' என்று நிச்சய மோதிரத்தைத் திருப்பித் தந்தாள். இப்போது அவள் கோயில் வாங்கில் இருக்கப் போனாலே குமர்ப்பிள்ளைகள் முந்தானையால் துடைத்துக் காட்டுகிறார்கள். வெட்கத்தில் துடைப்பதை விட்டுவிட்டாள், புதிதாகக் கழுத்துச் சங்கிலியைக் கடிக்கிறாள். ரெலிவிஷன் நாடகத்திலும் உனக்கு மாமியார் வேடம்தானாமே, அதில் இதையும் சேர்த்துக்கொள். 'பாவம், போதும் அம்மா' என்று எழுதியிருக்கிறாய். எனக்குப் போதாது.

நேற்று மாட்னிக்கு இன்னொருமுறை போனேன். முதல் நாள் பீற்றிஸ் எழும்பிப் போன சந்தோஷத்தில் ஒன்றைக் கவனிக்காமல் விட்டிருக்கிறேன். மருமகளை அறையில் பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்து, கதவில் முதுகைச் சாய்த்து இருந்து அரிசியில் கல் பொறுக்குகிறாய். உள்ளே அழுகை கூடக் கூட நீ சத்தமாகப் பாடுகிறாய். அது பீற்றிஸ் இல்லை. அதை நான் எழுதி அனுப்பவுமில்லை. மோதிரம் திரும்பி வந்த அன்று ஊர் வாய்க்குப் பயந்து உன்னை மூன்று நாள் பூட்டி வைத்து அப்படி இருந்தவள் நான். பக்கத்தில் இருந்தவர்கள் அதையும் பீற்றிஸ் என்று நினைத்துச் சிரித்தார்கள். நான் முகத்தை மூடிக்கொண்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, பவுடர் பூசிய முகத்தோடு படுக்காதே. ஆண்டவர் உன்னை ஆசீர்வதித்துக் காப்பாராக. சங்கிலி கடிப்பதை மறந்துவிடாதே. நத்தார் பண்டிகைக்காவது வந்து போ மகள். அந்த அறைக் கதவின் பூட்டை இன்று காலை தச்சனைக் கூப்பிட்டுக் கழற்றிவிட்டேன்.

உன் அம்மா,
றோசம்மா