மெஷினில் நீராவி வந்துவிட்டது

அன்பு மகள் பொம்மிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான் நலம், உன் அம்மாவும் நலம், அவள் முழங்கால் மட்டும் எங்கள் இருவர் பேச்சையும் கேட்காமல் தனிக் குடித்தனம் நடத்துகிறது. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு சுகமாக இருப்பாய் என்ற நம்பிக்கையோடு ஆரம்பிக்கிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் நான் போனை எடுத்தால் அம்மா பக்கத்து அறையில் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பாள், அவளைப் பற்றிய விஷயத்தை அவள் காது கேட்கச் சொல்ல முடியாது, அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

நீ கிளம்பும்போது எங்களிடம் கொடுத்துவிட்டுப் போன காபி மெஷின் போன மாதம் மூச்சை நிறுத்திவிட்டது. காபி இறங்குகிறது, பால் நுரைக்க நீராவி மட்டும் வரவில்லை. குமிழைத் திருகினால் குழாய் நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர் எட்டிப் பார்க்கும், அவ்வளவுதான். கடைக்காரரிடம் காட்டினேன், பழைய மாடல், பேசாம புதுசு வாங்கிடுங்க என்றார்.  மறுநாள் அம்மா மார்க்கெட்டிலிருந்து வந்து பையை இறக்கிக்கொண்டே, சனிக்கிழமை அவர் வரேன்னு சொல்லியிருக்காரு என்றாள். எவர் என்றேன். அவருக்குத்தானே இந்த மெஷின் பழக்கம் என்றாள். உன்னோடு வாழ்ந்து, போன வருஷம் கையெழுத்துப் போட்டுப் பிரிந்தவரை என்னை ஒரு வார்த்தை கேட்காமல் கூப்பிட்டிருக்கிறாள். ஒரு வாய் காபிக்காகவா என்று கோபமாகக் கேட்டேன். அவள் காபிக்காகக் கூப்பிடவில்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

சொன்னபடி வந்தார். தன் கண்ணாடிக் கடையில் மூக்குக்கண்ணாடிகளுக்குத் திருகாணி மாட்டும் அந்தக் குட்டிக் கருவிப் பெட்டியையும் எடுத்து வந்திருந்தார். கொஞ்சம் இளைத்திருக்கிறார். முன்பெல்லாம் நேராகச் சமையலறைக்குள் வருகிறவர், அன்று நான் உட்காருங்க என்று சொல்லும்வரை ஹாலில் நின்றுகொண்டே இருந்தார். என்னை என்னவென்று கூப்பிடுவது என்று அவருக்கும் தெரியவில்லை, அவரை என்னவென்று கூப்பிடுவது என்று எனக்கும் தெரியவில்லை. மாப்பிள்ளை என்று சொல்ல நாக்கு எழவில்லை, தம்பி என்றால் கேலி செய்வது போல இருக்கும். நல்லவேளை, முறை வைக்காமலே எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம் போலிருக்கிறது, இதைப் பிடிங்க, அதைக் கொடுங்க என்று மொட்டையாகவே பேசிக்கொண்டு வேலை பார்த்தோம்.

முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மெஷின் ஆறும்வரை காத்திருந்தார். பிறகு நீராவிக் குழாயின் நுனியைத் திருகிக் கழற்றினால், அதிலிருந்த பொடி ஓட்டையெல்லாம் காய்ந்த பால் அடைத்துக் கிடக்கிறது. வெந்நீரில் ஊறப்போட்டு ஊசியால் ஒவ்வொன்றாகக் குத்தி எடுத்தார். மாட்டிப் பார்த்தோம், அப்போதும் மூச்சு இல்லை. அடைப்பு இன்னும் உள்ள இருக்கு, இந்த உப்புத் தண்ணி பாறை மாதிரி படிஞ்சிருக்கும் என்றார். எலுமிச்சை உப்பைக் கரைத்துத் தொட்டியில் ஊற்றி, சூடாக்கி, அணைத்து, ஊறவிட்டு, திரும்பவும் சூடாக்கி, இப்படியே பொழுது போனது. பஸ் ஓட்டிய காலத்தில் சூடான ரேடியேட்டர் மூடியில் கை வைக்காதே என்று எத்தனை பேரைத் திட்டியிருப்பேன், அதே நான், அனலாவது வருகிறதா பார்ப்போம் என்று உள்ளங்கையைக் குழாய்க்கு அடியில் நீட்டினேன். உள்ளே ஏதோ கடகடத்தது. மாமா, கைய எடுங்க என்று கத்திக்கொண்டே என் கையைத் தட்டிவிட்டார். அடுத்த கணம் வெள்ளைத் துணுக்கும் கொதிநீருமாகக் கீழே வைத்திருந்த பாத்திரத்தில் பீய்ச்சி அடித்தது, பின்னாலேயே நீராவி சீறிக்கொண்டு வந்தது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை, அவர் புறங்கைதான் சிவந்துவிட்டது. குமிழை மூடிவிட்டு அவர் கையை இழுத்துக் குழாய்த் தண்ணீரில் பிடித்துக்கொண்டேன், அவரும் விடுவித்துக்கொள்ளவில்லை. மாமா என்றது அவர் யோசித்துச் சொன்னதல்ல, அதனால்தானோ என்னவோ எனக்கு அது இன்னும் காதிலேயே இருக்கிறது.

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். எம் பொண்ணு உங்களுக்கு என்ன குறை வச்சா, எதுக்கு உங்கள விட்டுட்டுப் போனா, எனக்கு இன்னைக்குத் தெரிஞ்சாகணும் என்றாள்.  அவர் கையைத் தண்ணீரிலிருந்து எடுக்காமலே சொன்னார். அவ விட்டுட்டுப் போகல அத்தை, ஒத்து வரலங்கிறது ரெண்டு பேருக்குமே தெரியும், அத வாய் திறந்து சொல்ல அவளுக்குத் தைரியம் இருந்துச்சு, எனக்கு இல்ல, அவதான் உதறிட்டுப் போனான்னு எல்லாரும் பேசினப்ப நான் இல்லன்னு சொல்லல, சும்மா இருக்கறது எனக்குச் சௌகரியமா இருந்துச்சு.

இதையேதான் நீயும் சொன்னாய், அப்போது அம்மா நம்பவில்லை. உன்னோடு ரெண்டு வார்த்தை பேசிவிட்டு, அடுப்புல பால் இருக்கு, அப்பாகிட்ட பேசு என்று போனை என்னிடம் தள்ளுவாளே, அடுப்பில் பால் இருந்ததில்லை, அது உனக்கும் தெரிந்திருக்கும். அன்று நிஜமாகவே பால் எடுத்தாள். மெஷினில் வெறும் தண்ணீரை மூன்று நாலு முறை ஓட்டி அலசிய பிறகு நுரைத்துக் காபி போட்டு, முதல் கோப்பையை அவரிடம் கொடுத்தாள். வாசலில் அவர், கிளம்பறேன் என்றார். அப்படிச் சொல்லாதீங்க, போயிட்டு வரேன்னு சொல்லுங்க என்றாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார். அவர் திரும்ப வருவார் என்று நான் நினைக்கவில்லை, நீயும் எதையும் நினைத்துக் குழப்பிக்கொள்ளாதே, முடிந்தது முடிந்ததுதான்.

ஆனால் இங்கே ஒன்று நடந்தது. என் அக்கா, உன் பெரிய அத்தை, வழக்கம்போல் போன் செய்து உன் கதையை எடுத்திருக்கிறாள். நாத்தனாருக்கு எதிராக ஒரு சொல் சொல்லியறியாத உன் அம்மா, எம் பொண்ணு யாரையும் உதறிட்டுப் போகல அண்ணி, இனிமே அந்தப் பேச்சு இந்த வீட்டுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தானே போனை வைத்துவிட்டாள். நான் கேட்டும் கேட்காதவன் போல் பேப்பரைப் புரட்டினேன். அதிலிருந்து தினமும் போனை எடுத்து உன் பெயர் வரைக்கும் போகிறாள், இப்ப அங்க தூங்கிட்டிருப்பா என்று வைத்துவிடுகிறாள், நீ விழித்திருக்கும் நேரத்திலும் அதையேதான் சொல்கிறாள்.

நீ அங்கே புதிதாக வாங்கிய மெஷினிலும் பால் நுரைத்தவுடன் குழாயை ஈரத் துணியால் துடைத்து, ஒரு தரம் நீராவியைத் திறந்து விடு, ஆறப்போட்டால் அடைத்துக்கொள்ளும். நல்ல தண்ணீரையே ஊற்று. வேலை வேலை என்று கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. எல்லா நலனும் பெற்று, மனத்தில் பாரம் இல்லாமல் நீ நிறைவாக வாழ வேண்டும் என்று இருவரும் ஆசீர்வதிக்கிறோம். முக்கியமாக ஒன்று, அம்மா கூப்பிட்டால் எந்த வேலையாக இருந்தாலும் எடுத்துவிடு. தப்பு என்னுடையது என்றெல்லாம் அவளுக்குச் சொல்ல வராது, காய்கறி விலை, என் குறட்டை, மாடி வீட்டுக்காரியின் நாய் என்று ஊரெல்லாம் சுற்றுவாள். சுற்றட்டும் கண்ணு, நீ அவசரப்படுத்தாதே, வந்து சேர்ந்துவிடுவாள்.

என்றும் உன் நினைவோடு,
உன் அப்பா