திரையில் திரும்பிப் பார்த்தவன்

ஹார்லன் கிராசிங், ஒஹையோ
1919 மே 14

அன்பு மகள் லவீனியாவுக்கு அப்பா எழுதிக்கொண்டது.

இங்கே எங்கள் உடம்புக்கு ஒன்றும் குறைவில்லை. ஒமாஹாவில் நீயும் மாப்பிள்ளையும் சுகமென்று கண்டேன். சோளம் விதைத்தாயிற்று. மழைதான் விட்டபாடில்லை.

தம்பி பிரான்சிலிருந்து திரும்பிவிட்டான் என்று அம்மா உனக்கு எழுதியிருப்பாள். கிளெமென்டைச் சண்டையில் காணவில்லை என்று நவம்பரில் தந்தி வந்ததிலிருந்து வாய் திறக்காமல் கிடந்தவள், இப்போது சிட்டாய்ப் பறக்கிறாள். அவன் மெத்தையை வெயிலில் காயவைத்தாள். எல்லாம் அந்தச் செய்திப்படம் செய்த வேலை. "ஊர் திரும்பும் நம் பிள்ளைகள்" என்று எழுத்துப் போட்டுப் படக்கொட்டகையில் ஓர் அணிவகுப்பைக் காட்டினார்கள். மூன்றாவது வரிசை ஓரத்தில் உன் தம்பி. ஐயோ என் கிளெம், எம்புள்ள நடந்து வர்றான் பாருங்க என்று எழுந்து நின்று கத்திவிட்டாள். கொட்டகையே கைதட்டியது. அவள் கெஞ்சியதால், படம் ஓட்டும் வில்பர் அந்தச் சுருளைத் திருப்பி அனுப்பாமல் ஒரு வாரம் ஓட்டினான்.

லவீனியா, அது திரும்பி வந்த படம் இல்லை. போன படம். 1917 செப்டம்பரில் கொலம்பஸில் ரயிலேற்றுமுன் அவர்களைத் தெருவழியாக நடத்திப் போனார்களே, அது. புதுப்படம் கைக்கு வராவிட்டால் பழைய சுருளை வெட்டி, முன்னால் புது எழுத்தை ஒட்டி அனுப்பிவிடுவார்களாம். எல்லா அணிவகுப்பும் ஒரே மாதிரிதானே இருக்கு, யாரு கண்டா என்கிறான் வில்பர். நான் கண்டேன். தெருமுனை விளக்குக் கம்பத்தடியில் முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு தடியன் நிற்கிறான். அது நான்தான். அம்மா அன்று வறுத்த கோழிப் பொட்டலத்தோடு ஸ்டேஷனில் இடம்பிடித்துக் காத்திருந்தாள், தெருவை அவள் பார்க்கவேயில்லை.

முந்தின நாள் சண்டை உனக்குத் தெரியும். பட்டாளத்துக்குக் கூப்பிடறதுக்கு முன்னாடியே நீயா போய் ஏன்டா பேர் குடுத்தே, போனா இந்த வாசப்படி மிதிக்காதே என்றேன். அந்த வீம்பில்தான், அவன் கடந்துபோகும்போது திரும்பி நின்றேன். அவன் என்னைத் தேடியிருக்கிறான், கண்ணு. கம்பத்தைத் தாண்டியும் இரண்டு தரம் திரும்பிப் பார்க்கிறான். பக்கத்தில் வருகிறவன்மேல் இடித்து வரிசை தப்புகிறான். ஆறு தடவை பார்த்துவிட்டேன். ஆறு தடவையும் கம்பத்தடியில் நிற்கிற அந்தப் பாவி திரும்பவேயில்லை.

வந்தவன் ஏன் வீட்டுக்கு வரவில்லை என்று யாராவது கேட்டால் அம்மா என்னைக் கைகாட்டுகிறாள். நீங்க சொன்ன சொல்லுதான் எம்புள்ளைய வெளிய நிறுத்தி வச்சிருக்கு, வீம்பு தீர்ந்துச்சா என்கிறாள். பத்திரிகையில் விளம்பரம் போடச் சொன்னாள். "கிளெமென்ட், வீட்டுக்கு வா. தப்பு என்னுடையது. அப்பா." போட்டேன். ஊரெல்லாம் வாசித்தது. இந்த வாரமும் போட்டிருக்கிறேன்.

உண்மையைச் சொல்ல நேற்றுக்கூட வாயெடுத்தேன். அவன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். சொல்லவில்லை. என்மேல் கோபம் இருக்கிறவரை அவளுக்கு மகன் இருக்கிறான். எனக்குத்தான் இல்லை.

ஜூனில் நீ வரும்போது படத்தைப் பற்றிக் கேட்பாள். ஆமாம், வந்துட்டான் என்று சொல். என்னைத் திட்டச் சொல்வாள். அவள் காதுபட நன்றாகத் திட்டு. இந்தக் கடிதத்தை அடுப்பில் போட்டுவிடு.

கர்த்தர் உன்னையும் உன் வயிற்றில் இருப்பதையும் காக்கட்டும். பையன் பிறந்தால் கிளெமென்ட் என்று பெயர் வைக்கப்போவதாக எனக்கு மட்டும் எழுதியிருந்தாய். வேண்டாம், கண்ணு. அம்மாவுக்குப் புரிந்துவிடும்.

உன் அப்பா,
ஓரின்