குழாய் வாயில் கண்சிமிட்டும் விளக்கு

ஜூன் 4
காலையில் கம்பி வலையைத் தூக்கினால் இன்றும் வாளி நிறையச் செத்த மீன். ஊருக்கு ஆற்றுத் தண்ணீர் இழுக்கிற பம்பு, கூடவே குஞ்சுகளையும் இழுத்து வலையில் அப்பிவிடுகிறது. வாளியைச் சுமப்பது என் வேலை. தின்று தீர்ப்பது மேனேஜர் வேலை. மேனேஜர் என்பது எங்கள் பம்பு நிலையத்துப் பூனை. உண்மையான மேனேஜரைவிட நேரம் தவறாதது.

ஜூன் 6
அண்ணி வந்து இறங்கினார். மீன் ஆராய்ச்சிதான் அவர் உத்தியோகம். அண்ணனோடு பேசுவதைவிட மீனைப் பற்றிப் பேசுவது அதிகம். குழாய் வாயருகே தண்ணீருக்கடியில் கண்சிமிட்டும் விளக்கு மாட்டினால் மீன் மிரண்டு விலகுமாம். எல்லா மீனும் மிரளாது, இந்தக் குஞ்சுகள் மிரளும் என்கிறார். பெரிய இன்ஜினியர் அரை மனதாகத் தலையாட்டினார். அடுத்த மாதம் மேலாற்றிலிருந்து குஞ்சுகள் கூட்டமாகக் கீழே இறங்கும். அதற்குள் பலன் தெரியாவிட்டால் விளக்கைக் கழற்றிவிடுவாராம். அப்புறம் அத்தனை குஞ்சும் என் வாளிக்குத்தான்.

இடுப்பளவுத் தண்ணீரில் நின்று அண்ணியே திருகு முடுக்கினார். நான் வாயைப் பிளந்துகொண்டு ஸ்பானர் எடுத்துக் கொடுத்தேன்.

ஜூன் 9
முன்பைவிட அதிகம். வாளி வழிகிறது. மேனேஜர் நடக்க முடியாமல் படுத்துக் கிடக்கிறது.

ஜூன் 10
இன்ஜினியர் கேட்பதற்கு முன்பே அண்ணி போய்ச் சொல்லிவிட்டார்: "சார், செத்த மீன் கூடியிருக்கு. ஏன்னு எனக்கு இன்னும் தெரியல."

நானாக இருந்தால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருப்பேன். என்ன நெஞ்சுரம் இந்த மனுஷிக்கு!

ஜூன் 11
பொழுது சாயும்போது அண்ணி மேடையில் குப்புறப் படுத்துத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையைத் தூக்கி மேலே பார்த்தார்.

"தம்பி, இந்த பல்பை யாரு போட்டா?"

நான்தான். வேறு யார்? அண்ணி இருட்டில் வழுக்கி விழக் கூடாதே என்று, அவர் விளக்கு மாட்டிய அன்றே குழாய் வாய்க்கு நேர் மேலே பெரிய பல்பு ஒன்றைத் தொங்கவிட்டேன். அதை மொய்த்த பூச்சிகள் தண்ணீரில் விழ, அவற்றைத் தின்ன மீன் கூடியிருக்கிறது. கீழே விரட்டு, மேலே விருந்து — எனக்கு ஏன்யா இந்த வேண்டாத வேலை?

அவர் திட்டவே இல்லை. "நல்லதாப் போச்சு தம்பி. விளக்கு மேல தப்பில்லன்னு தெரிஞ்சுடுச்சு" என்று பல்பை அணைத்தார். திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

ஜூன் 12
வாளியில் ஒரு கைப்பிடி. இன்ஜினியர் வாளிக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு, வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டேனோ என்பதுபோல் என்னைப் பார்த்தார்.

ஜூலை 15
குஞ்சுகள் இறங்கத் தொடங்கிவிட்டன. மங்கிய வெளிச்சத்தில் மேடையில் நின்றோம். கறுப்பாக ஒரு கூட்டம் நேராகக் குழாயை நோக்கி வந்தது. விளக்கு சிமிட்டியது. அத்தனையும் ஒன்றுபோல் வளைந்து அக்கரைப் பக்கம் போயின. இன்ஜினியர் அண்ணிக்கு ஒரு கும்பிடு போட்டார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. எங்கள் வீட்டு மனுஷி என்று ஊரெல்லாம் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

ஜூலை 20
மேனேஜருக்குக் கடையில் மீன் வாங்கி வந்தேன்.